போசாடாவில் "இங்கே இடமில்லை" என்று பாடும் பிள்ளை

டெக்சாஸிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் அங்கே கத்தோலிக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வாரம் பள்ளியில் 'லாஸ் போசாடாஸ்' நடக்கப்போகிறது. மகளுக்குச் சத்திரக்காரர் வேடம். இயேசுவின் தாய் மரியாளும் அவர் கணவர் சூசையப்பரும் கதவைத் தட்டும்போது "இடமில்லை, போங்கள்" என்று விரட்ட வேண்டும். "எனக்கு மட்டும் ஏன் கெட்ட வேடம்?" என்று பிள்ளை அழுகிறாள். குடும்பம் இந்துக் குடும்பம், வீட்டில் சைவச் சாப்பாடு. இது என்ன சடங்கு, நாங்கள் கலந்துகொள்ளலாமா, அங்கே எதைச் சாப்பிடலாம், கடைசியில் ஒரு பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்களே அது எதற்கு என்பவை அவருடைய கேள்விகள். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் பல வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சகோதரி, முதலில் வேட விஷயத்தைப் பேசிவிடுவோம். பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள், வரலாறு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது கெட்ட வேடம் இல்லை. அந்த நிகழ்ச்சியிலேயே கனமான வேடம் அதுதான். மரியாளாக வருகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் வாய் திறக்கவே வேலை இருக்காது. நீலத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். சூசையப்பர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி கெஞ்சுவார். மனம் மாறுகிறவர் சத்திரக்காரர் ஒருவர்தான். அவர் மாறவில்லை என்றால் கதவு திறக்காது, கதவு திறக்கவில்லை என்றால் அன்றைக்குப் போசாடாவே கிடையாது.

போசாடா என்றால் ஸ்பானிய மொழியில் சத்திரம், தங்க இடம். மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் இது நடக்கும். கத்தோலிக்கர்களின் வழக்கப்படி சொன்னால் இது ஒரு நவநாள், ஒன்பது நாள் தொடர்ந்து செய்கிற செபம். மரியாள் பிள்ளையைச் சுமந்த ஒன்பது மாதங்களுக்கு ஒன்பது நாள் என்று விளக்கம் சொல்வார்கள். கையில் மெழுகுவர்த்தியோடு தெருவில் ஒரு கூட்டம் வரும். கழுதை மேல் மரியாள், பக்கத்தில் சூசையப்பர் என்று சின்னச் சுரூபங்களைப் பிள்ளைகள் முன்னால் தூக்கி வருவார்கள். சில ஊர்களில் பிள்ளைகளே வேடம் கட்டுவார்கள், நிஜக் கழுதையும் வரும். வழியில் மாதா பிரார்த்தனை சொல்வதும் உண்டு. ஒவ்வொரு வீடாக நின்று கதவைத் தட்டி, தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். வீட்டுக்குள் இருப்பவர்கள் முடியாது என்று பாடுவார்கள்.

தமிழ்நாட்டில் டிசம்பரில் கேரல்ஸ் பாட வருகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே கதவு உடனே திறக்கும், காணிக்கை போடுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போகும். போசாடாவில் கதவு திறக்காது. மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒரே மெட்டில், மாறி மாறிச் சண்டை போடுவதுதான் பாட்டு.

அந்தச் சண்டை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார் என்று இல்லாத மரபுப் பாட்டு அது. பரலோகத்தின் பெயரால் தங்க இடம் கேட்கிறேன், என் மனைவியால் இனி நடக்க முடியாது என்று சூசையப்பர் தொடங்குவார். இது சத்திரம் இல்லை, மேலே போங்கள், நீ ஒரு போக்கிரியாக இருந்தால் என்ன செய்வது என்று உள்ளே இருந்து பதில் வரும். இரக்கம் காட்டு, கடவுள் உனக்குப் பலன் தருவார் என்பார் இவர். தொந்தரவு செய்யாமல் போய்விடு, எனக்குக் கோபம் வந்தால் அடித்துவிடுவேன் என்பார் அவர். நாசரேத்திலிருந்து களைத்துப்போய் வருகிறோம், நான் தச்சன், என் பெயர் யோசேப்பு (சூசையப்பரின் இன்னொரு பெயர்) என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாலும் பலன் இல்லை. உன் பெயர் எனக்கு எதற்கு, என்னைத் தூங்கவிடு. அப்புறம் சூசையப்பர், ஒரே ஒரு இரவுக்கு இடம் கேட்பவள் விண்ணக அரசி என்கிறார். அதற்கு வருகிற பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்: அரசி என்றால் இந்த ராத்திரியில் ஏன் இப்படித் தனியாக அலைகிறாள்? நியாயமான கேள்விதானே!

கடைசியில் மரியாள் என்ற பெயர் காதில் விழுந்ததும் உள்ளே இருப்பவரின் குரல் மாறும். நீயா யோசேப்பு? இவளா மரியாள்? உள்ளே வாருங்கள், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கதவு திறக்கும்போது மெட்டே மாறிவிடும். அதுவரை இழுத்து இழுத்துப் போன பாட்டு துள்ளலாகி, எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள்: ஏழை வீடுதான், ஆனாலும் மனசார இந்த மூலையைத் தருகிறேன். மகளிடம் இந்த முழுக் கதையையும் சொல்லுங்கள். விரட்டுகிற வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிற பிள்ளைக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்லலாம். பைபிளில் இந்தச் சத்திரக்காரர் கிடையவே கிடையாது. லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: விடுதியில் இடம் கிடைக்காததால் மரியாள் பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள். கதவு தட்டியது, விரட்டியது, கழுதை, எதுவும் அங்கே இல்லை. அந்த ஒரு வரிக்குள் ஒரு ஆளை வைத்து, அவருக்குக் கோபமும் தூக்கமும் சந்தேகமும் கொடுத்து, கடைசியில் வெட்கப்படவும் வைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை நடத்தி வந்த மக்கள்.

வரலாற்றுக்கு வருகிறேன். மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே, தெயோதிவாகான் பிரமிடுகளுக்குப் பக்கத்தில், அகோல்மான் என்று ஒரு ஊர். 16ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் கட்டிய பெரிய மடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன் தலைவராக இருந்த தியேகோ தே சோரியா என்ற துறவி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாட்களும் திறந்த வெளியில் சிறப்புத் திருப்பலி (கோவில் பூசை) வைக்க, 1587இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸிடம் அனுமதி வாங்கினார் என்பது மரபான வரலாறு. அஸ்டெக் மக்கள் தங்கள் போர்த் தெய்வமான வித்சிலோபோச்ட்லிக்கு விழா எடுத்ததும் ஆண்டின் இதே பகுதியில்தான். பழைய விழாவின் இடத்தில் புதிய விழாவை வைப்பது அந்தக் காலத்து மிஷனரிகளின் வழி. திருப்பலியோடு நாடகம், பாட்டு, மத்தாப்பு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தன. காலப்போக்கில் விழா கோவில் வளாகத்தை விட்டுத் தெருவுக்கும் வீடுகளுக்கும் வந்துவிட்டது. இன்று பல இடங்களில் சாமியார் இல்லாமலே நடக்கும். அந்தத் தெருக்காரர்களே நடத்துவார்கள். சொல்லப்போனால் மெக்சிகோவில் இப்போது டிசம்பரில் நடக்கிற ஆபீஸ் விருந்துக்கும் போசாடா என்றுதான் பெயர், அதில் செபம் இருக்கிறதோ இல்லையோ.

அமெரிக்காவுக்கு இதை மெக்சிகோ மக்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா எல்லாம் ஒரு காலத்தில் மெக்சிகோவாகவே இருந்தவை. லாஸ் ஏஞ்சலஸின் ஒல்வேரா தெருவில் 1930களிலிருந்து ஒன்பது இரவும் ஊர்வலம் நடக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே சான் அன்டோனியோவில், ஆற்றங்கரை நடைபாதையில், 1966 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்துகிறார்கள். வசதிப்பட்டால் பள்ளி நிகழ்ச்சிக்கு முன்னால் மகளை அங்கே கூட்டிப்போய் வாருங்கள். ஆயிரம் விளக்கத்தைவிட அது மேல்.

பள்ளியில் நடப்பது இதன் சுருக்கம். ஒன்பது இரவு எந்தப் பள்ளிக்கும் முடியாது. டிசம்பர் 20ஐ ஒட்டி விடுமுறை விட்டுவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு மாலையில் நடத்துவார்கள், அல்லது கடைசி வாரத்தில் ஒரு நாளுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொள்வார்கள். தெருவுக்குப் பதில் பள்ளியின் நீண்ட வராந்தா. வீடுகளுக்குப் பதில் வகுப்பறைக் கதவுகள், நூலகம், அலுவலகம், கடைசியில் உணவுக்கூடமோ விளையாட்டு அரங்கமோ. மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. இரண்டு மூன்று கதவில் மறுப்பு, கடைசிக் கதவில் வரவேற்பு. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள் என்பதால் சில பள்ளிகள் இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் ரோஜாப்பூவும் நட்சத்திரம் பதித்த பச்சை மேலாடையும் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம், அது வேறு கதை.

இந்தச் சுருக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. நேரம் போதவில்லை என்றால் பள்ளிகள் முதலில் கை வைப்பது பாட்டில்தான். ஒரு பள்ளியில் பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நடக்கவைத்து, பத்து நிமிடத்தில் தின்பண்டத்துக்கு வந்துவிட்டார்கள். அது ஊர்வலம், சரி. போசாடா ஆகாது. உள்ளே இருக்கிற பிள்ளைகள் தங்கள் வாயால் மறுத்துப் பாடினால்தான், திறக்கும்போது அவர்களுக்கு அது ஏதோ ஒன்றாக இருக்கும். நல்ல ஆசிரியர்கள் ஒவ்வொரு கதவிலும் ஆட்களை மாற்றுவார்கள். முதல் கதவில் வெளியே நின்ற வகுப்பு இரண்டாம் கதவில் உள்ளே போய்விடும். எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கெஞ்சிப் பார்த்திருப்பார்கள், ஒருமுறை விரட்டிப் பார்த்திருப்பார்கள். உங்கள் மகளின் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். ஒரே பிள்ளை கடைசிவரை விரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சத்திரக்காரர் குழுவாக நான்கைந்து பேர் நிற்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். குழுவாக நிற்பதுதான் மரபும்கூட.

இது ஏன் திருவருகைக் காலத்தில் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் கத்தோலிக்கர்களுக்குக் காத்திருக்கிற காலம். கோவிலில் ஊதா நிற உடை, திருப்பலியில் 'வானவர் கீதம்' என்ற புகழ்ப்பாட்டு கிடையாது, குடிலில் தீவனத் தொட்டி காலியாக இருக்கும். கடைகளில் அக்டோபரிலேயே கிறிஸ்துமஸ் வந்துவிடுகிற நாட்டில் இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எளிதில்லை. பள்ளிகளில் இதற்காக ஊதாவில் மூன்றும் ரோஜா நிறத்தில் ஒன்றுமாக மெழுகுவர்த்தி வளையம் வைப்பார்கள், வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். ஆனால் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைவிட, மூடிய கதவுக்கு வெளியே நின்று காத்திருப்பது நன்றாகவே விளங்குகிறது. போசாடாவில் குழந்தை இயேசு சுரூபம் வராது என்பதைக் கவனித்தீர்களா? அது 24ஆம் தேதி இரவுக்குத்தான். பள்ளி நிகழ்ச்சியில் யாராவது குழந்தைப் பொம்மையைத் தூக்கி வந்தால், அது நேரம் தெரியாமல் வந்த பொம்மை.

அடித்து உடைக்கிற பொம்மைக்குப் பெயர் பின்யாட்டா. கடைகளில் குதிரை, கார்ட்டூன் உருவம் எல்லாம் விற்றாலும், போசாடாவுக்கு உரியது ஏழு கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் நட்சத்திரம். ஏழு கூம்பும் ஏழு தலையான பாவங்கள், பளபளக்கிற காகிதம் பாவத்தின் கவர்ச்சி, கண்ணைக் கட்டுவது விசுவாசம், கோல் நற்பண்பு, உடைந்து கொட்டுகிற இனிப்பு இறையருள். ஞானோபதேச வகுப்புக்காக, அதாவது பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தர, யோசித்து வைத்த விளக்கம் என்பது பார்த்தாலே தெரிகிறது. பிள்ளைகள் யாரும் பாவத்தை நினைத்து அடிப்பதில்லை, மிட்டாயை நினைத்துத்தான் அடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் உள்ளே மண்பானை இருக்கும். சில்லு தலையில் விழும் என்பதால் பள்ளிகளில் அட்டைதான். மிட்டாய் விழுந்ததும் எல்லாரும் பாய்வார்கள். மகளைத் தயார்ப்படுத்த வேண்டியது இதற்குத்தான்: கோல் ஓயும்வரை கிட்டே போகக்கூடாது.

சாப்பாடு. இங்கே கவனம் தேவை. பிரதானமாக இருப்பது தமாலே: மக்காச்சோள மாவைப் பிசைந்து, நடுவில் ஏதாவது வைத்து, காய்ந்த சோளத் தோலில் பொதிந்து, ஆவியில் வேகவைப்பது. நடுவில் இருப்பது பெரும்பாலும் பன்றி அல்லது கோழிக் கறி. மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்த வகையை 'ராஹாஸ்' என்பார்கள், அதைச் சைவம் என்று சொல்லியும் தருவார்கள். ஆனால் மாவைப் பிசையும்போதே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், இனிப்புத் தமாலேயிலும் அது இருக்கலாம். "உள்ளே கறி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் சொல்வது உண்மைதான். "மாவில் மான்தேகா சேர்த்தீர்களா?" என்று கேளுங்கள். மான்தேகா என்பது அந்தக் கொழுப்பின் பெயர். மிட்டாய்களில் ஜெலட்டினும் இருக்கலாம், உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயமில்லாமல் குடிக்கக்கூடியது போன்ச்சே. கொய்யா, கரும்புத் துண்டு, ஆப்பிள், தெஹோகோதே என்கிற மஞ்சள் நிறச் சின்னப் பழம், புளி, பட்டை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, பிலோன்சில்யோ சேர்த்து இறக்கிய சூடான பானம். பிலோன்சில்யோ வேறொன்றுமில்லை, கூம்பாக வார்த்த வெல்லம். கரும்பும் கொய்யாவும் புளியும் வெல்லமும் ஒரே பானையில் கொதிக்கிற மணம் உங்கள் மூக்குக்குப் புதிதாக இருக்காது. வீடுகளில் பெரியவர்கள் இதில் ரம் கலப்பதுண்டு, பள்ளியில் அந்தக் கவலை இல்லை. ஏதாவது கொண்டுவரச் சொன்னால் வேர்க்கடலை மட்டும் வேண்டாம். மரபுப்படி பிள்ளைகளுக்குத் தருகிற பையில் வேர்க்கடலை உண்டுதான், ஆனால் ஒவ்வாமைக்குப் பயந்து பல பள்ளிகள் அதைத் தடுத்திருக்கின்றன. ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கிப் போங்கள்.

நாங்கள் இந்துக்கள், கலந்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. போசாடா திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, ஞானஸ்நானம் பெற்றவர்தான் செய்யலாம் என்று எதுவும் இதில் இல்லை. ஊர்வலத்தில் மாதா பிரார்த்தனை சொல்லும் இடத்தில் நீங்கள் சும்மா நடந்தால் போதும், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். மகள் பாட வேண்டிய பாட்டில் மரியாளை விண்ணக அரசி என்றும் பிறக்கப்போகிறவரைக் கடவுளின் வாக்கு என்றும் சொல்கிற வரிகள் உண்டு. ஆனால் அவை சூசையப்பரின் வரிகள். மகள் பாடுவதில் அரசி என்ற பேச்சு வருவதே கேலியாகத்தான். அதுவும் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், நியாயமான ஆசிரியர் கட்டாயப்படுத்தமாட்டார். என் எண்ணத்தைக் கேட்டால், பாடட்டும் என்பேன்.

ஏனென்றால், இந்தச் சடங்கு இந்த நாட்டில் வேறு ஒரு பொருளையும் சுமந்துகொண்டுதான் நடக்கிறது. சான் டியேகோவுக்கும் திஹுவானாவுக்கும் நடுவில் உள்ள எல்லை வேலியில், 1990களிலிருந்து டிசம்பரில் ஒரு போசாடா நடத்திவருகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அதே பாட்டு. பள்ளியில் அதைப் பற்றிப் பேசினாலும் பேசாவிட்டாலும், உங்கள் மகளின் வகுப்பில் அந்த வரிகளை வேறு மாதிரி கேட்கிற பிள்ளைகள் இருக்கக்கூடும். விசா நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்த அனுபவம் நம் வீடுகளிலும் உண்டு. பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பதில்லை.

இனி ஒத்திகை. பாட்டின் தாளை ஆசிரியரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள். ஸ்பானிய மொழியில் மட்டுமா, ஆங்கிலமும் கலந்தா என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். ஸ்பானிய உச்சரிப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுலபம், உயிரெழுத்து எல்லாம் எழுதியபடியே ஒலிக்கும், நம் ரகரமும் றகரமும் கைகொடுக்கும். வீட்டில் நீங்களும் கணவரும் வெளியாட்களாகப் பாடுங்கள், அவள் உள்ளாளாகப் பாடட்டும். விரட்டுகிற வரிகளை அவள் நன்றாகக் கத்திப் பாட வேண்டும். கூச்சத்தோடு முணுமுணுத்தால் கடைசி வரி எடுபடாது. உடைக்குப் பழைய போர்வை ஒன்று, இடுப்புக்குக் கயிறு, கையில் சாவிக்கொத்து போதும். ஊர்வலம் பள்ளிக்கு வெளியேயும் போகும் என்றால் அவள் கதகதப்பாக உள்ளே நிற்பாள், நீங்கள்தான் குளிரில் நிற்க வேண்டியிருக்கும். ஜாக்கெட்டை மறக்காதீர்கள்.